மூன்றாவது விளம்பரத்துக்கு வந்தவள்

கடைசி பெஞ்சில் இவ்வளவு இடம்தானா இருக்கும்? முழங்கால் முன் பெஞ்சில் இடிக்கிறது, கொஞ்சம் திரும்பினால் சுவர் இடிக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கடைசி பெஞ்ச், நேரா உக்காருங்க" என்று அதட்டியிருக்கிறேன். நேராக உட்கார முடியாது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மன்னிப்புக் கேட்பதென்றால் யார் யாரிடம் போய்க் கேட்பது? பாதிப் பேருக்குக் கல்யாணமாகி, அவர்கள் பெற்ற பிள்ளைகளும் இதே பெஞ்சில் கோணிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாம் பீரியட். நாற்பத்து மூன்று பெண்பிள்ளைகள். கணக்கு டீச்சரான நான் இங்கே கோமு என்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கிறேன், நான் நிற்க வேண்டிய இடத்தில், வேலை கேட்டு வந்திருக்கிற இசக்கியம்மாள் நிற்கிறாள். இருபத்தெட்டு வயசு. மடிப்பு கலையாத காட்டன் சேலை. இடுப்புப் பக்கம் மூன்று பின் குத்தியிருப்பதைப் பார்த்தால் தினமும் சேலை கட்டுகிறவள் இல்லை என்று தெரிகிறது. கரும்பலகையின் இடது மூலையில் தேதி, பாடம், மொத்தம் 43, வருகை 41 என்று எழுதுகிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்துவிட்டது. பி.எட். முடித்து ஆறு வருஷம் ஆகியிருக்கிறது இவளுக்கு. ஆறு வருஷமும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக லீடர் பெண்ணிடம், "எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டு, மூலையில் எழுதிவிட்டுத்தான் திரும்புகிறாள். எழுத்து சாயவில்லை. எனக்கு இன்றைக்கும் சாயும்.

மடியில் மாதிரி வகுப்பு மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது. பாட அறிவு, கரும்பலகைப் பயன்பாடு, குரல் வளம், வகுப்பைக் கட்டுக்குள் வைத்தல், எல்லாவற்றுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். கடைசியில் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்று இரண்டு கட்டம். படிவத்தில் இல்லாத ஒரு கேள்விதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. காலையில் அவளை பைக்கில் கொண்டுவந்து இறக்கிய புருஷன் பால்துரை, சைக்கிள் ஷெட் பக்கம் என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டது. லோடு ஆட்டோ ஓட்டுகிற பையன். கையில் ஹெல்மெட்டை வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். "டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நினைக்கக் கூடாது. இந்த வேலை நிலைக்குமா? இவ அங்க கம்பெனில வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வரணும்லா. எழுதிக் குடுத்தா திரும்ப எடுக்க மாட்டாவ. அதான்." நான் என்ன சொன்னேன்? "மொதல்ல கிளாஸ் எடுக்கட்டும் தம்பி, பொறவு பேசுவோம்" என்று மென்று விழுங்கினேன். மென்று விழுங்கியதற்குக் காரணம் பள்ளிச் செயலர் காந்திமதிநாதன். அவர் நேற்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "டீச்சர், நீங்க எல்லாத்தையும் மொதல்லயே கொட்டிராதீங்க. வந்திருக்கது ஒரே ஆளு. அனுமதி ஜூன்ல வந்திரும்னு சொல்லுங்க. ஜூன்னு சொன்னா பொய்யா? எந்த ஜூன்னு நாம சொல்லலைலா." அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு டீச்சர் வேண்டும் என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிற மனுஷன்தான். எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. ஆளை நாங்கள் போட்டுக்கொள்ளலாம், அந்த ஆளுக்கு அரசாங்கச் சம்பளம் வரவேண்டுமானால் மேலேயிருந்து அனுமதி வரவேண்டும். அதுவரை நிர்வாகம் கையிலிருந்து ஏதோ கொடுக்கும். பஸ்ஸுக்கும் சேலை இஸ்திரிக்கும் ஆகும். எந்த ஜூன்? அதுதானே கேள்வி. இந்த நாற்பது நிமிஷத்துக்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். மணி அடித்ததும் அந்தப் பையன் வந்து நிற்பான், மறுபடியும் அதையே கேட்பான்.

"எல்லாரும் நாற்கரம்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறாள் இசக்கி. நாற்பத்தொரு குரலும் சேர்ந்து நீட்டி முழக்குகின்றன. குரல் வளம் எட்டு போடலாம். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறது, ஆனால் கத்தவில்லை. நான் சேர்ந்த புதிதில் கத்திக் கத்தித் தொண்டையில் ரத்தம் வந்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். எனக்கு நேர்முகத் தேர்வு நடந்த அன்று, இந்த ஒரு இடத்துக்கு அறுபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வராந்தாவில் நிற்க இடமில்லாமல் கிணற்றடி வரைக்கும் வரிசை. கைக்குழந்தையோடு ஒருத்தி, ஏழு மாச வயிற்றோடு ஒருத்தி. அறுபத்து நாலில் ஒருத்தி என்று ஆயுசு பூராவும் பீற்றியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம், சம்பந்தி வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம்கூட. மற்ற அறுபத்து மூன்று பேரை ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன். அதில் ஒருத்தி மிச்சமிருந்தால்கூடக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவேன். இந்தத் தடவை முதல் விளம்பரத்துக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டாவதுக்கு ஒரு போன் வந்தது, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் எடுக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். எடுக்கலாம் தாயி, பிள்ளைகள்தான் நேரில் வருகிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது விளம்பரத்துக்கு இசக்கியம்மாள். மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. இந்தப் பிள்ளைகள் அதற்கடுத்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போவார்கள், பொதுத்தேர்வு எழுதுவார்கள். யார் இருப்பார்கள் இவர்களுக்கு?

போன ஆசிரியர் தினத்தன்று இதே வகுப்பில் கேட்டேன், பெரியவளானதும் யார் யார் டீச்சர் ஆகப்போறீங்க என்று. ஒரு கையும் எழும்பவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ ஒரு கை பாதி எழும்பியது. என்ன டீச்சர் என்று கேட்டால் பி.டி. டீச்சராம். வெயிலில் விசில் ஊதலாம், நோட்டுத் திருத்த வேண்டாம். எல்லோரும் சிரித்தோம். முன் பெஞ்ச் பிள்ளை ஒருத்தி, "டீச்சருக்குப் படிக்கேன்னு சொன்னா எங்கம்மா கொன்னுருவா டீச்சர்" என்றாள். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லி, காலம் கெட்டுப்போச்சு என்று நாலு பேர் பொருமினோம். அதில் ஜாஸ்தியாகப் பொருமியது நான். பொருமிவிட்டு வீட்டுக்குப் போனால் சுவரில் என் மகள் கல்லூரிப் பட்டம் வாங்கிய போட்டோ. சின்ன வயசில் கதவைக் கரும்பலகையாக்கிக்கொண்டு தலையணைகளுக்குப் பாடம் நடத்துவாள் அவள். தலையணைகளை இரண்டு வரிசையாக உட்கார வைப்பாள், பேசினால் வெளியே நிறுத்துவாள். பன்னிரண்டாவது முடித்ததும் என்ன படிக்கட்டும் என்று என்னிடம் வந்து நின்றாள். "என்ன வேணும்னாலும் படி, இது மட்டும் வேண்டாம்" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னேன். அவளும் சரி என்று சாப்பிட்டாள். இப்போது பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று ஊரைத் திட்டுகிற நான், வந்த ஆள் ஒன்றை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை இதை. படிவத்தில் பேனா ஓட்டுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். கோமு எட்டிப் பார்க்கிறாள். மதிப்பெண்ணைக் கையால் மறைக்கிறேன், பரீட்சையில் அவள் என்னிடம் மறைப்பதைப் போலவே.

இசக்கி இப்போது பலகையில் ஒரு நாற்கரம் வரைகிறாள். மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அளந்து, நறுவிசாக. நான்கு பக்கத்துக்கும் நடுவில் புள்ளி. நான்கு புள்ளிகளையும் மஞ்சள் சாக்பீசால் இணைக்கிறாள். "உள்ள என்ன வந்திருக்கு? எதிர் எதிர்ப் பக்கம் சமமா இருக்கா, இணையா இருக்கா? அப்ப இது இணைகரம். எந்த நாற்கரம் வரைஞ்சாலும், நடுப்புள்ளிகளச் சேத்தா உள்ள இணைகரம்தான் வரும்." அழகாகச் சொன்னாள். ஆனால் ஏதோ இடிக்கிறதே. என்ன இடிக்கிறது என்று எனக்குப் பிடிபடுவதற்குள் பக்கத்தில் அசைவு. கோமு எழுந்து நிற்கிறாள். ஜூன் மாதத்திலிருந்து இந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்கும். இன்றைக்கா கேட்க வேண்டும்? "டீச்சர், நீங்க ஒழுங்கா வரைஞ்சிருக்கிய. அதான் உள்ளயும் ஒழுங்கா வருது." வகுப்பு சிரித்தது. கோமு உட்காரவில்லை. "கோணலா வரைஞ்சா வராதுல்லா?" அடடா, அதுதான் இடித்தது. இசக்கி வரைந்தது கிட்டத்தட்ட சதுரம். எந்த நாற்கரம் வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டு, கை தானாக அழகான ஒன்றைப் போட்டுவிட்டது. இது எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி. பி.எட்.டில் கரும்பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, முக்கோணம் என்றால் சமபக்க முக்கோணம், நாற்கரம் என்றால் சதுரம் என்று கை பழகிவிடுகிறது. முப்பத்திரண்டு வருஷமாக நானும் இதே பாடத்துக்கு இதே சதுரத்தைத்தான் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையும் எழுந்து கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன்.

இசக்கி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இந்த இடத்தில்தான் ஆள் தெரியும். நான் இருந்தால், "மொதல்ல சொன்னதக் கவனி" என்றிருப்பேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறுவது இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சமயத்தில் எனக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது, அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். இவள் தடுமாறட்டும் என்று ஆசைப்பட்டேன். தடுமாறினால் பரிந்துரைக்கவில்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடலாம். அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டாம், பொய்யும் வேண்டாம், மெய்யும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் செயலர் மே மாதத்துக்குப் பிறகும், "டீச்சர், ஒரு வருஷம் மட்டும்" என்று என்னிடம்தான் வந்து நிற்பார். மணி அடிக்காத பகல் ஒன்று எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினொரு மணிக்கு நான் வீட்டில் என்ன செய்வேன்? முருங்கைக்காய் நறுக்குவேனா? நறுக்கிவிட்டு? வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பத்து மூன்று பிள்ளைகளின் பத்தாம் வகுப்பை ஒரு தட்டிலும் என் பதினொரு மணியை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்க்கிறேன்.

"நீ சொல்றது சரிதான்" என்கிறாள் இசக்கி. "நான் பாத்துப் பாத்து அழகா வரைஞ்சுட்டேன். அழகா இருக்கதுக்கு அழகா வரது அதிசயமில்ல. உன் பேரென்ன? கோமுவா? இங்க வா. உன்னால எவ்வளவு கோணலா முடியுமோ அவ்வளவு கோணலா ஒண்ணு வரை." கோமு என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறாள். போய், உடைந்த அப்பளம் மாதிரி ஒன்றை வரைகிறாள். ஒரு பக்கம் முழ நீளம், எதிர்ப்பக்கம் விரல் நீளம், ஒரு மூலை எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. வகுப்பே கைதட்டுகிறது. "இதுல வராது டீச்சர்" என்கிறாள், கேஸ் ஜெயித்த வக்கீல் குரலில். இசக்கி ஸ்கேலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். அளந்து நடுப்புள்ளி வை, நீயே சேர் என்கிறாள். ஒரு கோடு, இரண்டு கோடு. மூன்றாவது கோடு போடும்போதே வகுப்பு அமைதியாகிவிட்டது. நான்காவது கோடு சேர்ந்ததும் உள்ளே ஒரு இணைகரம் உட்கார்ந்திருக்கிறது, சாய்ந்து, ஒல்லியாக, ஆனால் இணைகரம். கோமு ஸ்கேலை வைத்து அளக்கிறாள். இன்னொரு தடவை அளக்கிறாள். வாயைப் பொத்திக்கொள்கிறாள். "எல்லாரும் நோட்டு எடுங்க. இது வராத மாதிரி ஒரு நாற்கரம் வரைஞ்சு என்னைத் தோக்கடிங்க." அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது. ஸ்கேல் கடன் கேட்கிறார்கள், பெஞ்சு மேல் முட்டி போடுகிறார்கள், "எனக்கும் வந்துட்டுட்டீ" என்று கத்துகிறார்கள். பழக்கதோஷத்தில், "ஏய்" என்று அதட்டப் பாதி எழுந்துவிட்டேன். முழங்கால் இடித்து உட்கார வைத்தது. வகுப்பைக் கட்டுக்குள் வைத்தல் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. பத்து போட்டேன். எல்லாவற்றுக்கும் பத்து. குரல் வளத்தையும் அடித்துவிட்டுப் பத்து என்று திருத்தினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

இவள் நல்லவளாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா? இப்போது பொய் சொன்னாலும் பாவம், நிஜத்தைச் சொன்னாலும் பாவம். காலையில் ஸ்டாஃப் ரூமில் ஏன்மா இந்த வேலைக்கு வருகிறாய் என்று கேட்டதற்கு இவள் சொன்னாள்: "அங்க மெடிக்கல் கோடிங் டீச்சர். அமெரிக்காக்காரனுக்கு எங்க வலிச்சாலும் அதுக்கு ஒரு நம்பர் இருக்கு. நாள் பூரா சீட்டைப் பாத்து நம்பர் போடுதேன். ஆறு வருஷத்துல ஒரு ஆளு மூஞ்சியப் பாத்தது கிடையாது. எனக்கு யாருக்காவது கணக்கு சொல்லிக் குடுக்கணும் போல இருக்கு." வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாளாம். அதுக்கும் ஒரு நம்பர் உண்டு டீச்சர் என்று சிரித்தாள். ஆறு வருஷம் என்று அவள் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. தேவகிருபையும் ஆறு வருஷம்தான். எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்தவள். ஜூனில் அனுமதி வந்துவிடும் என்று சொல்லித்தான் அவளையும் சேர்த்தோம். ஆறு ஜூன் பார்த்தாள். ஒவ்வொரு ஜூனிலும் அவள் சோர்ந்துபோகும்போது, "இந்தா வந்திரும் கிருபை, பொறுத்தது பொறுத்த, இன்னும் கொஞ்சம் பொறு" என்று தோளைத் தட்டியவள் நான். செயலர் இல்லை, நான். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் டிபன் பாக்ஸில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது ஜூன் வருவதற்கு முன்னால் ஒருநாள் லேப் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த இடம் இன்னும் காலி. போன தீபாவளிக்குத் திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற இடத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குப் போட்டாள். "உக்காருங்க டீச்சர், கால் வலிக்கும்லா." ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

மணி அடித்துவிட்டது. நாற்பது நிமிஷம் இவ்வளவு சின்னதா? பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இசக்கியை மொய்க்கிறார்கள். "இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு வராந்தாவுக்கு வருகிறாள். கை பூராவும் மஞ்சள் பொடி. பால்துரை படிக்கட்டில் நின்றிருந்தவன் மேலே ஏறி வருகிறான். ஹெல்மெட்டை இப்போது உருட்டவில்லை, இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் மென்று விழுங்கிவிடுவேன். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "நல்லா எடுத்தம்மா. நான் இதுவரைக்கும் இந்தப் பாடத்த இப்படி எடுத்ததில்ல. முழு மார்க் போட்டிருக்கேன். அது ஒரு பக்கம். தம்பி, நிலைக்குமான்னு கேட்டிய. எனக்குத் தெரியாது. செயலர் ஜூன்ல வந்திரும்பாரு. இதே பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் ஆறு ஜூன் பாத்தா. வரல. அது வரைக்கும் நிர்வாகம் குடுக்கது கைச்செலவுக்குக் காணாது. வரும்னு சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியல."

பால்துரை தரையைப் பார்த்தான். இசக்கி என் முகத்தையே பார்த்தாள். வகுப்புக்குள்ளிருந்து ஸ்கேல் கேட்கிற சத்தம், பெஞ்சு நகர்த்துகிற சத்தம். "ஆறு வருஷமா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீ ஆசப்படுதல்லா. ஆட்டோவ வச்சு எப்படியாவது பாத்துக்கிடலாம்" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். நல்ல பையன். அவள் தலையை ஆட்டினாள். "ஒரு நாள் ஓடுது, மூணு நாள் நிக்கி. எனக்குத் தெரியாதா?" பிறகு என்னிடம் திரும்பி, "நான் வரல டீச்சர். வரணும்னுதான் இருக்கு. ஆனா வரல" என்றாள். அழவில்லை. முந்தானையில் மஞ்சள் பொடியைத் துடைத்தாள். அது போகவில்லை. "இந்த ஒரு பீரியட் ரொம்ப நல்லா இருந்துச்சு." கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. "பிள்ளைகள்ட்ட சொல்லிட்டு வரட்டுமா?" என்று வகுப்புப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள், வைத்தவள் நின்றுவிட்டாள். "வேண்டாம். உள்ள போனா போக மாட்டேன்." படி இறங்கிப் போனார்கள். பைக் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரை நின்றேன். செயலர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லட்டும். இன்றைக்கு ஒரு பெண்ணை ஆறு ஜூனிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். நாற்பத்து மூன்று பெண்களைக் கைவிட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வாயால், ஒரே நிமிஷத்தில்.

நான்காம் பீரியட் ஒன்பது பி-க்கு இயற்பியல். அதாவது டீச்சர் இல்லாத பீரியட், பார்த்துக்கொள்ள வேண்டியது நான்தான். உள்ளே போனால் யாரும் இடத்தில் இல்லை. நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வரிசையாக நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். "அந்த டீச்சர் எங்க டீச்சர்?" என்கிறாள் லீடர். "வாரேன்னு சொன்னாவளே." போயிட்டாங்க என்றேன். "நாளைக்கு வருவாவளா?" ஜூனில் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது. "வரமாட்டாவ மக்கா" என்றேன். வரிசை கலைந்து ஒவ்வொருத்தியாக இடத்துக்குப் போனார்கள். நான் அதட்டாமலே வகுப்பு இப்படி அமைதியாக இருந்ததே இல்லை. லீடர் பெண் மட்டும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சத்தம் போட்டவங்க பேரெல்லாம் எழுதிட்டேன் டீச்சர். இவங்கள முட்டி போடச் சொல்லிருங்க. டீச்சர வரச் சொல்லிருங்க." காகிதத்தில் இருபதுக்கு மேல் பேர். கடைசியில் அவள் பேரையும் எழுதியிருந்தாள்.

இல்லை, சத்தத்தினால் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது கோமு எழுந்து நின்றாள். ஒரே நாளில் இரண்டாவது தடவை. "எம் பேர மொதல்ல எழுதுட்டி" என்றாள் லீடரிடம். பிறகு என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுல்லா டீச்சர்? எல்லாரும் சிரிச்சிட்டாவ. அதான் போயிட்டாவ." அவளிடம் போனேன். நீ கேட்டதுதான் இன்றைக்கு நடந்ததிலேயே நல்லது, அந்த டீச்சருக்கு அது அவ்வளவு பிடித்தது என்றேன். நம்பவில்லை. மறுபடியும் சொன்னேன், தலையைத் தடவிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். அனுமதி, நிர்வாகம், ஜூன் என்று இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? சொன்னால் கேட்டுக்கொள்ளும். கேட்டுக்கொண்டு, நாளையிலிருந்து கையைத் தூக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். ஜூன் முதல் இன்றைக்கு வரை வராத கேள்வி, இனி ஆயுசுக்கும் வராது. "கோமு, என்னப் பாரு" என்றேன். "அவ்வோ வாரேன்னுதான் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?" என்றாள். ஆமாம், நான்தான் என்றேன். லீடர் பெண் அந்தக் காகிதத்தை மடித்தாள். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்புகிறது. கோமுவின் மூக்கு விடைக்கிறது, கண்ணில் நீர் நின்றுவிட்டது, உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். கோபம். நல்ல, முழுக் கோபம், எல்லாம் என் மேல். அப்பாடா என்று இருந்தது எனக்கு.